ஐந்நூறு சென்சார் வாங்கும் முன்: மாநகரக் காற்றுத் தர அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

பெருநகரங்களின் காற்றுத் தரக் கண்காணிப்புக்குப் பொறுப்பான ஆணையர்கள், பொறியாளர்கள், கொள்முதல் குழுவினர் ஆகியோருக்கு,

வணக்கம்.

பெருநகரம் எதுவானாலும் இப்போது ஏறக்குறைய ஒரே திட்டம்தான் கோப்பில் வருகிறது: நூற்றுக்கணக்கில் மலிவு விலை சென்சார்கள், முக்கியச் சந்திப்புகளில் ஒளிரும் பலகைகள், கைபேசிக்கு ஒரு செயலி. காற்று அளவீட்டு நிலையங்களைப் பராமரிக்கும் நாங்கள் இந்தத் திட்டத்தை எதிர்க்கவில்லை. தெருவுக்குத் தெரு காற்று மாறுகிறது என்பதை நான்கைந்து பெரிய நிலையங்களை மட்டும் வைத்துக்கொண்டு பார்க்க முடியாது என்பதும் எங்களுக்குத் தெரியும். ஆனால் திட்ட மதிப்பீட்டைப் புரட்டினால் வாங்குவதற்குத் தனித் தலைப்பு இருக்கிறது, பொருத்துவதற்கு இருக்கிறது, பலகைக்குக் கூட இருக்கிறது. வாங்கிய கருவி சொல்வது சரிதானா என்று பார்ப்பதற்கு மட்டும் ஒரு வரியும் இல்லை. அந்த ஒரு வரியைக் கேட்டுத்தான் இந்த மடல்.

முதலில் சென்சாரிலிருந்தே தொடங்குவோம். உள்ளே ஒரு சின்ன விசிறி, ஒரு லேசர், சிதறும் ஒளியைப் பிடிக்க ஓர் ஒளிமின் கண். அது எதையும் எடை போடுவதில்லை. துகள்மீது பட்டுச் சிதறிய ஒளியைப் பார்த்து, துகளின் அடர்த்தி இவ்வளவு, வடிவம் இப்படி என்று தானே ஓர் அனுமானம் வைத்துக்கொண்டு, கன மீட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று சொல்கிறது. 0.3 மைக்ரானுக்குக் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே போனால் அதன் கண்ணுக்கு ஏறக்குறைய எதுவும் தெரியாது. வண்டியின் புகைக்குழாயிலிருந்து அப்போதுதான் வெளிவந்த துகள்களில் எண்ணிக்கைப்படி பெரும்பாலானவை அந்த அளவுக்குக் கீழேதான் இருக்கின்றன. மறுபுறம், பெரிய துகள்கள் அந்தச் சின்ன விசிறியின் இழுப்பில் திரும்பி லேசர் வரை வந்து சேர்வதில்லை. ஆகவே அதே பெட்டி காட்டும் பி.எம் 10 எண் (10 மைக்ரானுக்கு உட்பட்ட துகள்களின் அளவு), சிறு துகள்களின் கணக்கை வைத்துப் பெரிதாக்கிச் சொல்லும் ஊகமே. கட்டடம் இடிக்கும் இடத்தில், புழுதி பறக்கும் சாலையில் இந்த எண்ணை நம்பி நோட்டீஸ் அனுப்பினால், எதிர்த் தரப்பு வழக்கறிஞர் அரை மணி நேரத்தில் அதை உடைத்துவிடுவார். மலிவு சென்சாரின் பி.எம் 10-ஐப் பலகையில் காட்டவே காட்டாதீர்கள் என்பது எங்கள் கருத்து.

ஈரப்பதம் அடுத்த தொல்லை. காற்றில் மிதக்கும் அம்மோனியம் சல்பேட், நைட்ரேட் போன்ற உப்புகள் ஈரம் குடிப்பவை. காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தை நெருங்கும்போது அவை நீரை உறிஞ்சி உப்பிவிடும். உப்பிய துகள் கூடுதலாக ஒளியைச் சிதறடிக்கும். சென்சார் அதை மாசு என்று எண்ணிக் கூட்டிவிடும். விடியற்காலையில் பலகையின் எண் எகிறுவதில் ஒரு பங்கு நிஜமான மாசு, ஒரு பங்கு வெறும் நீர். எது எவ்வளவு என்பதை அந்தப் பெட்டியால் பிரித்துச் சொல்ல முடியாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஆய்வாளர்கள் பர்ப்பிள்ஏர் வகைச் சென்சார்களுக்காக 2021-ல் ஒரு திருத்தச் சமன்பாட்டை வெளியிட்டார்கள்: சென்சார் எண்ணை 0.524-ஆல் பெருக்கி, ஈரப்பத சதவீதத்தை 0.0862-ஆல் பெருக்கிக் கழித்து, 5.75-ஐக் கூட்ட வேண்டும். சென்சார் 100 என்று காட்டி ஈரப்பதம் 60 ஆக இருந்தால் விடை 53. கிட்டத்தட்டப் பாதி! இதைப் பார்த்ததும் அதே சமன்பாட்டை அப்படியே எடுத்துப் போட்டுவிடத் தோன்றும், போடாதீர்கள். அந்தக் குணகங்கள் அந்த நாட்டுக் காற்றுக்குப் பிறந்தவை. டீசல் புகை மிகுந்த நகரத்துக்கும், மண் புழுதி மிகுந்த நகரத்துக்கும், கடலுப்பு கலந்த காற்றுக்கும் குணகங்கள் வேறு வேறாக வரும்.

உங்கள் ஊருக்கு உரிய குணகத்தைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான் உண்டு: தர நிலையத்தின் (ஒப்பிட்டுப் பார்க்க நம்பகமான கருவிகள் உள்ள பெரிய நிலையம்) கூரையில், அதன் உறிஞ்சு வாய்க்குச் சில மீட்டருக்குள், அதே உயரத்தில் சென்சார்களைப் பக்கத்திலேயே ஓட விடுவது. மேற்படி முகமையின் சோதனை நெறிமுறை, குறைந்தது மூன்று சென்சார்களைத் தலா 30 நாள், இரு வேறு சூழல்களில் ஓட்டச் சொல்கிறது. சென்சார் எண்ணை நிலைய எண்ணுக்கு எதிரே வரைந்தால் கிடைக்கும் கோட்டுக்கு அதன் இலக்குகள்: சாய்வு 1-க்கு இருபுறமும் 0.35-க்குள், வெட்டு (நிலையம் பூச்சியம் காட்டும்போது சென்சார் காட்டும் எண்) பூச்சியத்துக்கு இருபுறமும் 5 மைக்ரோகிராமுக்குள், ஆர்-வர்க்கம் (இரண்டும் எவ்வளவு ஒத்து ஏறி இறங்குகின்றன என்ற அளவு, முழுப் பொருத்தம் 1) 0.70 அல்லது அதற்கு மேல், சராசரிப் பிழை 7 மைக்ரோகிராம் அல்லது 30 சதவீதத்துக்குள். மாதிரிக்கு மூன்றைச் சோதித்துவிட்டு மீதியை நேராகக் கம்பத்தில் ஏற்றாதீர்கள். பொருத்தப் போகும் எல்லாவற்றையும் தொகுதி தொகுதியாக அதே கூரையில் நிறுத்தியெடுங்கள். ஒரே பெட்டியிலிருந்து வந்த இரண்டு சென்சார்களே ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் இருப்பது சர்வ சாதாரணம். பிறகு இரண்டு மூன்றை அங்கேயே நிரந்தரமாக விட்டுவையுங்கள். களத்தில் உள்ளவை எந்தத் திசையில் நழுவுகின்றன என்று காட்டிக்கொடுப்பவை அவைதான்.

விற்பனையாளர்கள் ஆர்-வர்க்கம் 0.9 என்று ஒரு தாளை நீட்டுவார்கள். புகைமூட்டக் காலத்தில் 300, மழைக்காலத்தில் 20 என்று வீச்சு இருக்கும் ஊரில், எவ்வளவு சுமாரான கருவிக்கும் அந்த எண் எளிதில் கிடைத்துவிடும். 60-க்குக் கீழ்ப்பட்ட மணி நேரங்களை மட்டும் தனியாகப் பிரித்து அதே கணக்கைப் போடச் சொல்லுங்கள். பிழையை ஈரப்பதத்துக்கு எதிரே வரைந்து காட்டச் சொல்லுங்கள். புள்ளிகள் வலப்பக்கம் மேலே வளைந்து ஏறினால் ஈரத் திருத்தம் வேலை செய்யவில்லை என்று பொருள். இன்னொரு சூழ்ச்சியும் உண்டு. சில நிறுவனங்களின் மேகக் கணினி, பக்கத்துத் தர நிலையத்தின் இணையத் தரவையே எடுத்து, தன் சென்சாரின் எண்ணை அதற்கு ஏற்ப 'அளவுத்திருத்தம்' செய்துவிடுகிறது. பிறகு அதே நிலையத்தோடு ஒப்பிட்டால் பொருத்தம் பிரமாதமாகத்தான் இருக்கும். விடைத்தாளைக் கையில் கொடுத்துத் தேர்வு வைத்த கதை. சோதனை நடக்கும் மாதத்தில் அந்த நிலையத்தின் தரவை இணையத்தில் விடாமல் நிறுத்திவைத்துப் பாருங்கள், சாயம் வெளுத்துவிடும்.

இவ்வளவும் பக்கத்தில் இருக்கும் தர நிலையம் சரியாக ஓடுகிறது என்று வைத்துக்கொண்டு சொன்னது. அங்கேதான் முதலுக்கே மோசம் நேர்கிறது.

தர நிலையங்கள் பலவற்றில் இருப்பது பீட்டா கதிர் மானி. கார்பன்-14 மூலத்திலிருந்து வரும் கதிர், கண்ணாடி இழை டேப்பைத் துளைத்துச் செல்கிறது. டேப்பில் தூசு படியும் முன்னும் பின்னும் எவ்வளவு கதிர் மறுபுறம் வருகிறது என்று எண்ணி, வித்தியாசத்தை எடையாக மாற்றுகிறார்கள். கொள்கை எளிது, கருவியும் முரட்டுக் கருவிதான். ஆனால் மாதம் ஒருமுறை கை வைக்காவிட்டால் அது சத்தமில்லாமல் பொய் சொல்லத் தொடங்கும். டேப்பின் இழைத்தூள், டேப்பை அழுத்திப் பிடித்துக் காற்றை இறக்கும் நாசிலின் விளிம்பில் ஒட்டி இறுகிவிடும். அந்தக் கட்டி ஒவ்வொரு முறை நாசில் இறங்கும்போதும் டேப்பில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டை போடும், அல்லது நாசில் சரியாக உட்காராமல் பக்கவாட்டில் காற்று கசியும். இதைக் கண்டுபிடிக்க எந்த மென்பொருளும் வேண்டாம். ஓடி முடிந்த டேப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் போதும். தூசு வட்டம் கூர்மையான விளிம்போடு, சீரான நிறத்தில் இருக்க வேண்டும். விளிம்பு கலைந்து புகைபோல் படர்ந்திருந்தால் கசிவு. எல்லா வட்டத்திலும் அதே இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தால் நாசிலில் கட்டி. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் நாசிலையும் அதன் கீழ்த்தட்டையும் துடைத்துவிட்டு, பிறகு கசிவுச் சோதனை. அதற்கும் பிறகுதான் காற்றோட்டச் சோதனை. வரிசை மாறினால் கசிகிற கருவிக்குக் காற்றோட்டத்தைத் 'திருத்தி' வைத்த கதையாகும்.

காற்றோட்டம் நிமிடத்துக்கு 16.67 லிட்டர், அதாவது மணிக்கு ஒரு கன மீட்டர். சான்றளித்த ஒப்பீட்டு மானியோடு பார்க்கும்போது 4 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. எடையை வகுக்கும் கன அளவு மட்டுமே தவறாகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அதைவிடப் பெரிய சிக்கல் தலைப்பகுதியில் இருக்கிறது. அங்கே காற்றைச் சுழற்றிப் பெரிய துகள்களைப் பிரிக்கும் சைக்ளோன் எந்த அளவுத் துகளை வெட்டி ஒதுக்குகிறது என்பதைத் தீர்மானிப்பதே காற்றின் வேகம்தான். வேகம் குறைந்தால் வெட்டு அளவு பெரிதாகும், 2.5 மைக்ரானுக்கு மேற்பட்ட புழுதியும் உள்ளே வந்துவிடும். வேகம் கூடினால் உள்ளே வர வேண்டியவையும் வெளியே நின்றுவிடும். சைக்ளோனின் அடியில் இருக்கும் தூசுக் கிண்ணத்தைச் சுத்தம் செய்யாமல் விட்டாலும் இதே கதி. பி.எம் 10 தலையோடு தொங்கும் கண்ணாடிக் குப்பியில் மழைநீர் சேர்ந்திருக்கும். நிரம்பினால் அந்த நீர் போகுமிடம் கருவியின் உள்தான். குளவிக் கூடும் சிலந்தி வலையும் எங்கள் வருகைப் பதிவேடுகளின் நிரந்தர உறுப்பினர்கள்.

வெப்பமும் ஈரமும் மிகுந்த ஊர்களுக்கென்று ஒரு கோளாறு உண்டு. கருவி அறையின் ஏசி 22 டிகிரியில் ஓடும், வெளியே காற்றின் பனிநிலை (ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 26 டிகிரி. வெளிக்காற்று குழாய் வழியாக அறைக்குள் இறங்கியதும் குழாயின் உட்சுவரில் நீர் பூக்கும், சொட்டாக டேப்பில் விழும். தரவில் ஒரு மணி நேரம் 200, அடுத்த மணி நேரம் −40 என்று எண்கள் துள்ளும். மருந்து மலிவானது: அறைக்குள் வரும் குழாய் முழுவதற்கும் காப்புறை சுற்றி, ஹீட்டர் ஓடுகிறதா என்று பார்த்து, ஏசியை வெளிப் பனிநிலைக்கு மேலே நிறுத்துவது. ஏசியின் காற்று நேரே கருவிமீது வீசவும் கூடாது. ஒரு மணி நேரத்துக்குள் அறை வெப்பம் இரண்டு டிகிரிக்கு மேல் ஏறி இறங்கினாலே கருவியின் அடிக்கோடு (பூச்சிய நிலை) ஆடும்.

எதிர்மறை எண்ணைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறோம். காற்று சுத்தமாக இருக்கும் மணி நேரத்தில் பீட்டா மானி −3 என்று காட்டுவது கோளாறு அல்ல. உண்மை மதிப்பு 2, கருவியின் இயல்பான ஆட்டம் ஐந்து என்றால், சில மணி நேரங்களில் பூச்சியத்துக்குக் கீழே போகத்தான் செய்யும். 'எதிர்மறை மாசு எப்படி இருக்கும்?' என்று கேட்டு அதைப் பூச்சியமாக்கினால் கீழ்ப்பக்க ஆட்டம் மட்டும் வெட்டப்பட்டு, சராசரி செயற்கையாக ஏறிவிடும். தொடர்ந்து எதிர்மறையாக இருந்தால் மட்டும் ஏறக்குறைய எந்தத் துகளையும் விடாத ஹெப்பா ஃபில்டரை உறிஞ்சு வாயில் பொருத்தி 72 மணி நேரப் பூச்சியச் சோதனை செய்யுங்கள். இதற்கு நேர்மாறான கோளாறு 985. பரவலாகப் புழக்கத்தில் இருக்கும் ஒரு மாதிரியில் அளவுகோலின் உச்சம் 985. பழுது ஏற்பட்டாலும் அதே எண்ணைத்தான் எழுதும். தரவுத்தாளில் 985, 985, 985 என்று ஓடினால் அது புழுதிப்புயலாக இருக்கலாம், பம்ப் நின்றதாகவும் இருக்கலாம். கருவியின் பிழைக் குறியீட்டைப் பார்க்காமல் அந்த எண்ணைச் சராசரியில் சேர்ப்பதும் தவறு, கண்ணை மூடிக்கொண்டு நீக்குவதும் தவறு.

பீட்டா மானிக்கும் மேலே ஒரு நடுவர் உண்டு: தராசு. அதே வேகத்தில் 24 மணி நேரம் இழுத்தால் 24 கன மீட்டர் காற்று ஒரு டெஃப்லான் ஃபில்டர் வழியாகப் போகிறது. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வைத்த 24 மணி நேர வரம்பு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம். அந்த வரம்பில் உள்ள காற்று ஃபில்டரில் விட்டுச் செல்வது 360 மைக்ரோகிராம். ஃபில்டரின் சொந்த எடையில் இது அரை சதவீதம்கூட வராது. ஆகவே எடை அறைதான் எல்லாம். அமெரிக்க முறைப்படி அறை வெப்பம் 20-லிருந்து 23 டிகிரி, ஈரப்பதம் 30-லிருந்து 40 சதவீதம், எடைக்கு முன் குறைந்தது 24 மணி நேரம் ஃபில்டர் அங்கேயே கிடக்க வேண்டும். தராசு ஒரு மைக்ரோகிராம் வரை காட்ட வேண்டும். டெஃப்லானில் நிலைமின்னூட்டம் ஏறி எண் நிற்காமல் ஓடும். மின்னூட்டம் நீக்கும் பட்டை இல்லாமல் எடை போட்டால் அன்றைய தாள் முழுவதும் குப்பை. களத்துக்குப் போய்க் காற்று இழுக்காமலே திரும்பும் வெற்று ஃபில்டரின் எடை 30 மைக்ரோகிராமுக்கு மேல் மாறியிருந்தால், கையாண்டதில் எங்கோ கோளாறு. ஓடி முடிந்த ஃபில்டரை வெயிலில் நிற்கும் கருவிக்குள் நாள்கணக்கில் விட்டால் அம்மோனியம் நைட்ரேட் ஆவியாகிப் போய்விடும். 4 டிகிரிக்குள் குளிரவைத்தால் எடை போட 30 நாள் அவகாசம், இல்லையென்றால் பத்தே நாள். இரவில் மின்கட்டணம் மிச்சம் பிடிக்க எடை அறையின் ஏசியை அணைக்கும் நிர்வாகம், மறுநாள் எடுக்கும் எடைகளையும் சேர்த்தே அணைத்துவிடுகிறது.

நிலையம் எங்கே நிற்கிறது என்பதைச் சுருக்கமாகவே சொல்கிறோம், ஏனென்றால் விதிகள் தெளிவாகவே இருக்கின்றன. அமெரிக்க விதிப்படி உறிஞ்சு வாய் தரையிலிருந்து 2 முதல் 15 மீட்டர் உயரத்தில். சுற்றிலும் குறைந்தது 270 பாகைக்குக் காற்று தடையின்றி வர வேண்டும். ஐரோப்பிய விதிப்படி போக்குவரத்து நிலையம் என்றால் சாலை விளிம்பிலிருந்து 10 மீட்டருக்குள், பெரிய சந்திப்பிலிருந்து 25 மீட்டராவது தள்ளி. டீசல் ஜெனரேட்டரின் புகைக்குழாயும் சமையல்கூடத்தின் புகைபோக்கியும் பக்கத்தில் இருந்தால் அளப்பது நகரத்தின் காற்றை அல்ல, அந்தக் குழாயை. நிலையத்தைச் சுற்றி மட்டும் தண்ணீர் லாரி விட்டுத் தெளிப்பதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். சீனாவின் சியான் நகரில் அதிகாரிகள் உறிஞ்சு வாயில் பஞ்சு நூலைத் திணித்தது 2016-ல் அம்பலமாகி, அடுத்த ஆண்டு தண்டனை வரை போனது. நிலையத்துக்குள் யார் எப்போது போனார்கள் என்ற கதவுப் பதிவு இருந்தால் இதற்கெல்லாம் இடமே இருக்காது. மேலும், சாலையோர நிலையத்தையும் பூங்கா நிலையத்தையும் கூட்டி வகுத்து 'நகரச் சராசரி' என்று அறிவிக்காதீர்கள். பூங்காக்களில் நான்கு நிலையம் கூட்டினால் போதும், காற்று மாறாமலே சராசரி இறங்கிவிடும்.

பலகையில் காட்டும் காற்றுத் தரக் குறியீட்டெண்ணுக்கு வருவோம். கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் பி.எம் 2.5 என்பது இந்தியக் குறியீட்டில் 100, 'திருப்திகரம்' என்ற பட்டைக்குள். அமெரிக்காவில் 2024-ல் திருத்திய குறியீட்டில் அதே காற்று 154, எல்லோருக்கும் உடல்நலக் கேடு என்ற பட்டை. செயலிக்குச் செயலி எண் மாறுவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். மக்களோ அரசு மறைக்கிறது என்று நினைக்கிறார்கள். எந்தக் குறியீடு, எந்த ஆண்டுப் பதிப்பு என்று பலகையிலேயே போடுங்கள், பக்கத்தில் மைக்ரோகிராம் எண்ணையும் காட்டுங்கள். 24 மணி நேரச் சராசரியில் ஓடும் குறியீடு, காலை ஏழு மணிப் புகையை மாலை வரை இழுத்துக்கொண்டு வரும். குழந்தையை விளையாட அனுப்பலாமா என்று இப்போது பார்ப்பவருக்கு அது பயன்படாது. கடைசி 12 மணி நேரத்தை எடுத்து, காற்று வேகமாக மாறும்போது அண்மை மணி நேரங்களுக்குக் கூடுதல் எடை கொடுக்கும் நவ்காஸ்ட் முறை ஏற்கெனவே நடைமுறையில் உள்ளது. ஒவ்வொரு மணி பின்னோக்கிப் போகும்போதும் எடையைக் குறைக்கும் காரணி 0.5-க்குக் கீழே போகாது என்பதால் ஒற்றை மணி நேரக் கோளாறால் தாவிக் குதிக்கவும் செய்யாது.

தரவை வெளியிடுவதிலும் ஒரு வேண்டுகோள். மூல எண், திருத்திய எண், எந்தத் திருத்தச் சமன்பாட்டின் எந்தப் பதிப்பு, பிழைக் குறியீடு, காற்றோட்டம், வெப்பம், ஈரப்பதம், கடைசியாகச் சுத்தம் செய்த தேதி: இத்தனையும் ஒரே கோப்பில், மணி வாரியாக வேண்டும். மூல எண்ணை ஒருபோதும் அழித்து எழுதாதீர்கள். நாளை நல்ல சமன்பாடு கிடைத்தால் பத்தாண்டுத் தரவையும் மறுபடி கணக்கிடலாம். கன அளவு நிஜ வெப்ப அழுத்தத்தில் கணக்கிட்டதா, தரநிலை வெப்ப அழுத்தத்திலா என்பதையும் எழுதுங்கள். கடல் மட்டத்தில் இந்த வித்தியாசம் சில சதவீதம்தான். மெக்சிகோ நகரம் போல 2,240 மீட்டர் உயரத்தில் கால் பங்கை நெருங்கும். ஒரு நாளில் 18 மணி நேரத்துக்குக் குறைவான தரவு இருந்தால் அந்த நாளுக்குச் சராசரி போடாதீர்கள். விடுபட்ட மணி நேரங்கள் பெரும்பாலும் மின்வெட்டு நேரங்கள். ஊரெல்லாம் ஜெனரேட்டர் ஓடுவதும் அப்போதுதான்.

ஆகவே எங்கள் யோசனை: ஐந்நூறு சென்சாருக்குப் பதில் நானூறு வாங்குங்கள். மீதிப் பணத்தில் காற்றோட்ட ஒப்பீட்டு மானி இரண்டு வாங்குங்கள். ஒன்று சான்றளிப்புக்குப் போயிருக்கும்போது மற்றது களத்தில் இருக்கும். எடை அறைக்குத் தனி ஏசி, தனி மாற்று மின் ஏற்பாடு. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் இரண்டு சென்சார், இரண்டும் முரண்பட்டால் தரவு தானாக நிறுத்திவைக்கப்படும் ஏற்பாடு. சென்சாரை இரண்டு மூன்று ஆண்டில் மாற்ற வேண்டிய நுகர்பொருளாகவே ஒப்பந்தத்தில் எழுதுங்கள், நிரந்தரச் சொத்தாக அல்ல. நிறுவனத்துக்குத் தரும் தொகையைப் பொருத்திய பெட்டிகளின் எண்ணிக்கைக்கு அல்ல, மாதந்தோறும் கிடைத்த சரிபார்த்த மணி நேரங்களின் எண்ணிக்கைக்குக் கட்டுங்கள். சரிபார்ப்பவர் விற்றவராக இருக்கக் கூடாது. ஒப்பந்தப்புள்ளி ஆவணம் இறுதியாகும் முன் அதன் தொழில்நுட்பப் பகுதியை எங்களைப் போன்றவர்களின் பார்வைக்கு ஒரு மாதம் வையுங்கள். வரி வரியாகக் குறிப்பெழுதித் தரத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
காற்று அளவீட்டு நிலையங்களைப் பராமரிப்போர், மாதிரி எடுப்போர், எடை அறையில் பணிபுரிவோர்